குடித்தவருக்கு ஒன்றும் ஆகாத ஊர்

புனேயின் நகர் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஐ.டி. பகுதியான கராடியைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். போதை ஊராம், பார்ட்டி ஊராம், புனே கெட்டுப்போனதே இந்த நகர் ரோட்டுப் பக்கத்தால்தானாம். சதாசிவ் பேட்டில் நாலு தலைமுறையாகக் குடியிருக்கும் பெரியவர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை கடையடைத்துத் தூங்கும் மரபில் வந்தவர்களுக்கு, இரவு ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை விழித்திருக்கும் மரபு எப்படிப் பிடிபடும்? ஆனால் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் பிள்ளையைப் பார்க்க வந்து பத்து நாள் தங்கிப்போகும் நம்மவர்களும் அதையே ஒப்பிப்பதுதான் வருத்தம். இந்த ஊர் உப்பைத் தின்று பிழைக்கும் தமிழன் என்ற முறையில், இதன் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

முதல் பெருமை கண்ணால் பார்க்கக்கூடியது. ஈயான் ஐ.டி. பார்க் வாசலில் தொடங்கி, வேர்ல்டு டிரேடு சென்டரைச் சுற்றிக்கொண்டு, முளா-முட்டா ஆற்றங்கரை வரை நடந்து பாருங்கள். வேட்டி விலகி, ஒற்றைச் செருப்போடு, சாக்கடை ஓரம் கிடக்கும் ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. நம்மூர் டாஸ்மாக் வாசலில் அப்படிக் கிடப்பவரை நாய் முகர்ந்து பார்க்கும், பிள்ளைகள் சுற்றிப் போவார்கள், மனைவி தலையில் அடித்துக்கொண்டு வருவாள். என்ன அநாகரிகம்! கராடியில் மட்டையானவரைத் தூக்கிப்போக ஆள் உண்டு. பாரின் காவலாளி கார் கதவைத் திறந்துவிடுவார். டாக்சி ஓட்டுநர் கைத்தாங்கலாக லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். பதினான்காம் மாடிக்கு லிஃப்ட் தானே போகும். காலை ஒன்பதரைக்கு அதே மனிதர் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக மீட்டிங்கில் நிற்பார். அவரைக் குடிகாரர் என்று எவன் சொல்வான்? அளவோடு அருந்துகிறவர். அந்த அளவு சம்பள உயர்வோடு சேர்ந்து ஏப்ரல்தோறும் ஏறுகிறது, அவ்வளவுதான்.

அரசின் அக்கறையைச் சொல்லாமல் மேலே போவது நன்றிகெட்டதனம். 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பெயரில் மட்டும் பம்பாய் போய் மகாராஷ்டிரா வந்திருக்கிறது. அந்த மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில்தான் இங்கே அத்தனை மதுக்கடைகளும் நடக்கின்றன. சட்டப்படி குடிப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். விஸ்கி, ரம் வகையறாவுக்கு ஒரு நாள் சீட்டு 5 ரூபாய், நாட்டுச் சரக்குக்கு 2 ரூபாய், ஒரு வருடத்துக்கு 100, ஆயுள் முழுக்க என்றால் 1,000. பார்களின் பெயர்ப் பலகையில் 'பர்மிட் ரூம்' என்று எழுதியிருப்பது இதனால்தான். சீட்டு எதற்காகக் கொடுக்கப்படுகிறது? குடிப்பவரின் உடல்நலத்தைப் பேணிக் காப்பதற்காக. நான் இட்டுக்கட்டவில்லை, சட்டம் சொல்லும் காரணமே அதுதான். மருந்துக்குத் தவிர மற்றபடி மதுவை விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. முயன்றார்கள். குடிப்பவர் அத்தனை பேரையும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆக்கிவிட்டார்கள். சாசனத்துக்கும் பங்கமில்லை, கடைக்கும் பூட்டில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஆற்றைத் தாண்டி முந்த்வா பக்கம் போனால், இத்தனை நோயாளிகள் இத்தனை உற்சாகமாக மருந்துக்குக் காத்திருப்பதைப் பார்க்கலாம். கொரோனா ஊரடங்கில் அவர்கள் சிரமப்படக் கூடாதென்று 2020 மே மாதமே வீட்டுக்கே மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதித்த அரசு இது.

வயது விஷயத்திலும் கறார்தான். பீருக்கும் ஒயினுக்கும் 21, மற்றவைக்கு 25 நிறைந்திருக்க வேண்டும். நாட்டிலேயே கடுமையான விதிகளில் இது ஒன்று. இதை மீறியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பார் வாசலில் யாரும் யாருடைய வயதையும் கேட்டு நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

2025 ஜூனில் மாநில அமைச்சரவை கூடி, குடிப்பவர்களின் நலனை இன்னொரு படி உயர்த்தியது. விஸ்கி வகைகளின் மேல் கலால் வரி ஒன்றரை மடங்கானது. விலை ஏறினால் கஷ்டப்படுவார்களே என்று, தானியத்தில் வடித்த 'மகாராஷ்டிரா மேட் லிக்கர்' என்ற புது ரகத்தையும் அறிவித்தார்கள். 180 மில்லி 148 ரூபாய். கூடுதலாக ஆண்டுக்கு 14,000 கோடி வரும் என்று கணக்கு. விலையைக் கூட்டினால் குடி குறையும் என்பது சுகாதாரத் துறையின் தத்துவம், குறைந்தால் 14,000 கோடி வராது என்பது நிதித் துறையின் தத்துவம். இரண்டும் ஒரே கோப்பில் ஒற்றுமையாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டுக்காரனாக இதில் எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. 2024-25-இல் டாஸ்மாக் ஈட்டித் தந்தது 48,344 கோடி. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்ததன் காரணம் நம் நிதியமைச்சர்களுக்கு விளங்கிய மாதிரி உரையாசிரியர்களுக்கு விளங்கவில்லை.

இனி எங்கள் ஆபீஸ்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்கிறான் என்று வையுங்கள். வயது 22. இந்தி அரைகுறை, மராத்தி சுத்தம். பேயிங் கெஸ்ட் அறையில் மூன்று பேரோடு படுத்து, மெஸ்ஸில் சர்க்கரை போட்ட சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு, யாரிடமும் பேச வாயில்லாமல் கிடக்கிறான். அப்படியே விட்டுவிடுவோமா? முதல் மாதமே டீம் அவுட்டிங் உண்டு.

"எனக்கு வேண்டாம்ணா. பழக்கமில்ல."

"பழக்கம் பொறக்கும்போதேவா வரும் தம்பி? பீர்தான. பீர்ல என்ன இருக்கு?"

பீரில் என்ன இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எல்லோரும் எஞ்சினியர்கள்தானே. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில் 650 மில்லி. அதில் 52 மில்லி சுத்தமான ஆல்கஹால். 42.8 சதவீத விஸ்கியில் இரண்டு லார்ஜ் போட்டாலும் உள்ளே போவது அதே அளவுதான். அந்தக் கணக்கை யாரும் அந்த மேஜையில் போடுவதில்லை. விருந்தாளியின் இலையில் என்ன விழுந்தது என்று எண்ணிப் பார்ப்பது மரியாதையா? பையன் ஒரு பாட்டிலில் பேச ஆரம்பிக்கிறான், இரண்டில் பாட ஆரம்பிக்கிறான். எட்டு மாதத்தில் மேனேஜருக்குத் தெரிந்த முகமாகிறான். மராத்தி வரவில்லை, சாம்பாரும் மாறவில்லை, தனிமை மட்டும் போய்விட்டது. போனது திரும்பி வரும்போதெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்து விடுகிறோம். ஊரிலிருந்து அம்மா ராத்திரி போன் பண்ணி, "சாப்ட்டியாப்பா?" என்பார். "ஆச்சும்மா" என்பான். எங்கள் பிள்ளைகள் அம்மாவிடம் பொய் சொல்வதில்லை.

பில்லை நிறுவனமே கட்டிவிடும். கணக்குத் தலைப்பு 'குழு ஒற்றுமை'. அதே நிறுவனம் கொடுக்கிற மருத்துவக் காப்பீட்டுத் தாளைப் புரட்டினால், இந்த நாட்டுப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் விலக்குப் பட்டியலில், குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் வெளியே நிறுத்தப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறையும் மனநோய் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு வேண்டும் என்றும் சொல்கிறது. யார் சொல்வது சரி என்று கேட்டு ஹெச்.ஆரின் நேரத்தை வீணாக்க இங்கே யாரும் துணிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1988-லேயே மதுவை, புகையிலை இருக்கும் அதே முதல் வகுப்பில் உட்காரவைத்து விட்டது. சிகரெட் பாக்கெட்டில் அழுகிய வாயின் படம் போடுகிறவர்கள், விஸ்கி பாட்டிலில் அழுகிய ஈரலின் படத்தைப் போட்டு அதன் அழகைக் கெடுக்கவில்லை. அந்த ரசனையும் பாராட்டத்தக்கதுதான்.

மது மட்டும்தான் எங்கள் சாதனை என்று நினைத்துவிடாதீர்கள். சுதேசி உணர்வு வேறு எந்தத் தொழிலில் மங்கினாலும் போதைத் தொழிலில் மங்கவில்லை. கொக்கைன் தென்னமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வர வேண்டும், டாலர் விரயம். மெஃபட்ரோனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பையன்கள் எம்.டி. என்பார்கள், மியாவ் மியாவ் என்பார்கள். ரசாயனத் தொழிற்சாலையில் வேதியியல் படித்தவர் கையால் தயாராகும் பண்டம். 2024 பிப்ரவரியில் புனே போலீஸ் ஓர் ஆளைப் பிடித்து நூலைப் பிடித்துக்கொண்டே போனபோது, விஷ்ராந்த்வாடி கிடங்கில் உப்புப் பொட்டலங்களுக்கு நடுவே ஒரு பங்கு, தௌண்டு தாலுக்காவில் குர்கும்ப் தொழிற்பேட்டை ஆலையில் ஒரு பங்கு, சாங்லியில், டில்லியில் என்று மொத்தம் 1,700 கிலோவுக்கு மேல் அகப்பட்டது. மதிப்பு 3,500 கோடிக்கு மேல் என்றார்கள். லண்டனுக்கு ஏற்றுமதியும் நடந்ததாம். மருந்து மூலப்பொருள் செய்ய அரசு ஒதுக்கிய பேட்டையில், மின்சாரமும் தண்ணீரும் சாலையும் அரசு கொடுக்க, கிழக்கிந்தியக் கம்பெனி தேசத்துக்கே திருப்பி அனுப்பினோம். இருநூறு வருடக் கடனுக்கு வட்டி.

இந்த எம்.டி.யின் குணத்தையும் சொல்ல வேண்டும். மூக்கால் இழுத்தால் சில நிமிடத்தில் ஏறும். பேச்சு பெருகும், பசி போகும், உலகத்தின்மேல் அன்பு பொங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும்போது இன்னொரு இழுப்புக்கு மனம் அடித்துக்கொள்ளும். ஒரே ராத்திரியில் ஒரு கிராம், இரண்டு கிராம் என்று போய்விடுகிறவர்கள் உண்டு. நெஞ்சு படபடக்கும், தாடை தானாகக் கடித்துக்கொள்ளும், இரண்டு நாள் தூக்கம் வராது, கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகத் தோன்றும். புரொஜெக்ட் டெட்லைன் நாட்களில் எங்கள் பையன்களுக்கு இதெல்லாம் ஒன்றும் எடுக்காமலே இருக்கும் அறிகுறிகள்தான். அதனால் வித்தியாசம் யாருக்கும் தெரிவதில்லை. 2015-இல் இதைப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். இரண்டு கிராம் வரை 'சிறு அளவு', ஐம்பதைத் தாண்டினால் 'வணிக அளவு'. குர்கும்ப்பில் கிடைத்தது எந்த அளவு என்பதற்குச் சட்டத்தில் இன்னும் பெயர் வைக்கவில்லை.

புனேயின் விருந்தோம்பலுக்குச் சிகரம் சஸூன் மருத்துவமனை. ஏழைகளுக்காக 1867-இல் திறந்த அரசு ஆஸ்பத்திரி. பணம் கொடுத்தவர் டேவிட் சஸூன். பாக்தாத்திலிருந்து வந்து பம்பாயில் கடை போட்டு, பருத்தியிலும், சீனாவுக்கு அனுப்பிய அபினிலும் கோடீஸ்வரரான யூத வியாபாரி. புனேயில்தான் காலமானார், செங்கல்லில் கட்டிய லால் தேவுள் என்ற யூத ஆலயத்தின் பக்கத்தில் சமாதி இருக்கிறது. முன்னோர் வழியை மறக்காத நிறுவனங்களைப் பாராட்ட வேண்டாமா? எம்.டி. வழக்கில் எரவாடா சிறையில் இருந்த லலித் பாட்டீல் என்ற கைதி, 2023-இல் மாதக்கணக்கில் இந்த ஆஸ்பத்திரியின் கைதிகள் வார்டில் நோயாளியாக இருந்தார். உள்ளே படுத்தபடியே வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார் என்று போலீஸ் சொன்னது. செப்டம்பர் கடைசியில் ஆஸ்பத்திரி வாசலிலேயே இரண்டு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட எம்.டி. பிடிபட்டது. இரண்டு நாள் கழித்து எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனபோது அவர் நடந்தே வெளியேறிவிட்டார். தேதி அக்டோபர் 2. காந்தி ஜெயந்தியை முன்னிட்டு அன்று மாநிலம் முழுவதும் ஒரு சொட்டு மது விற்கவில்லை என்பதைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும். மும்பை போலீஸ் இரண்டு வாரம் கழித்துத் தென்பக்கம் பெங்களூரு அருகே போய்ப் பிடித்து வந்தது. அந்த இடைவெளியில் நாசிக்கில் அவருடைய தம்பி நடத்திய ஆலையையும் கண்டுபிடித்திருந்தார்கள்.

அதே ஆஸ்பத்திரியின் பெயர் எட்டு மாதத்துக்குள் மறுபடி வந்தது. 2024 மே 19, ஞாயிறு அதிகாலை இரண்டரை மணி, கல்யாணி நகர். கராடியிலிருந்து பத்து நிமிடம். பதினெட்டு நிறைய நாலு மாதம் பாக்கியுள்ள ஒரு பையன், முந்த்வாவில் இரண்டு பார்களில் நண்பர்களோடு கொண்டாடிவிட்டு, போர்ஷே காரில் வந்து ஒரு பைக்கின் மேல் மோதினான். முதல் பாரில் மட்டும் பில் 48,000 ரூபாய் என்றார் போலீஸ் கமிஷனர். பீருக்கு இன்னும் மூன்று வருடமும் விஸ்கிக்கு ஏழு வருடமும் காத்திருக்க வேண்டிய பையன். காரின் விலை கோடிக்கு மேல். பதிவுக் கட்டணம் 1,758 ரூபாய் கட்டாததால் அதற்கு நம்பரே இல்லை. இவ்வளவு பெரிய குடும்பங்களும் சில்லறை விஷயத்தில் சிக்கனமாக இருப்பதைப் பார்த்து நடுத்தர வர்க்கம் பாடம் படிக்க வேண்டும். பைக்கில் வந்த இரண்டு பேரும் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து எங்களைப் போலவே புனேயில் கோடு எழுதிக்கொண்டிருந்தவர்கள். இருவருக்கும் 24 வயது. இருவருமே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் காட்டிய பண்பைக் கேளுங்கள். சில மணி நேரத்தில் சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. தலைக்கு 150 சொல். அந்தக் கணக்கில் இந்தக் கட்டுரையில் இதுவரை நான் எழுதியிருப்பதே ஆறு பேருக்கு மேல் தாங்கும். பத்திரமாக வைத்திருக்கிறேன், எந்த நேரம் என்ன தேவைப்படுமோ. ரத்தப் பரிசோதனைக்குப் பையனை அனுப்பியது சஸூனுக்கு. அவனுடைய ரத்தத்தைக் குப்பையில் போட்டுவிட்டுத் தாயின் ரத்தத்தை வைத்துவிட்டார்கள் என்பது போலீஸின் குற்றச்சாட்டு. இரண்டு டாக்டர்கள் கைதானார்கள். தாய் ரத்தம் கொடுத்து மகனைக் காப்பாற்றுவது நம் சினிமாவில் எத்தனை முறை பார்த்துக் கண் கலங்கிய காட்சி! வீட்டு டிரைவரைக் குடும்பத்தில் ஒருவராகவே நடத்தினார்கள் என்பதற்கும் போலீஸ் சாட்சி: வண்டி ஓட்டியது நான்தான் என்று மகனுடைய இடத்தை அவரையே ஏற்கச் சொல்லி வற்புறுத்தினார்களாம். ஊர் கொதித்த பிறகு ஜாமீன் மாறியது, காப்பகம் வந்தது, ஒரு மாதத்தில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2025 ஜூலையில், பையனை வயது வந்தவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற போலீஸ் மனுவை வாரியம் தள்ளியது. மற்ற வழக்குகள் நடக்கின்றன. நடக்கட்டும். அவசரம் விபத்துக்கு வழி என்று நகர் ரோடு முழுக்க எழுதிப்போட்டிருக்கிறார்களே.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 19, கள்ளக்குறிச்சி கருணாபுரம். பாக்கெட் சாராயம். அதில் மெத்தனால். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாகி முதலில் கண் நரம்பைத் தின்னும், பிறகு மூச்சை நிறுத்தும். மெத்தனாலுக்கு மாற்று மருந்துகளில் ஒன்று சாதாரண எத்தனால், அதாவது 48,000 ரூபாய்க்கு முந்த்வாவில் விற்ற அதே சரக்கு. அறுபத்தைந்து பேருக்கு மேல் செத்தார்கள். கூலி வேலைக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள். புருஷனும் பொண்டாட்டியுமாகப் போன வீடுகளும் உண்டு. குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார்கள்; குடித்துச் செத்தவனுக்கு எதற்கு எங்கள் வரிப்பணம் என்று கராடித் தமிழர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சூடான விவாதம் நடந்தது. நடந்தது வெள்ளிக்கிழமை ராத்திரி என்பதால் சிலருக்கு எழுத்துப் பிழை அதிகம்.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கள் பெருமை முழுசாகத் தெரியும். கருணாபுரத்தில் குடித்தவன் சாகிறான். எவ்வளவு பிற்போக்கு! எங்கள் பக்கம் குடித்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ரோட்டில் போகிறவர் பார்த்துக்கொள்கிறார், டிரைவர் பார்த்துக்கொள்கிறார், தாய் பார்த்துக்கொள்கிறாள், ராத்திரி ஒரு மணிக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டு எழுந்து உட்காரும் மனைவி பார்த்துக்கொள்கிறாள். வேலையைப் பகிர்ந்துகொடுப்பதில் மென்பொருள்காரர்களை யார் மிஞ்ச முடியும்?

கராடியின் பெயர் நேரடியாகவே செய்தியில் வந்தது 2025 ஜூலை 27. அதிகாலையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டில் போலீஸ் நுழைந்து ஏழு பேரைப் பிடித்தது. 2.7 கிராம் கொக்கைன், 70 கிராம் கஞ்சா, ஹூக்கா, மது பாட்டில்கள் என்று பட்டியல் போட்டார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. அதில் யார் என்ன செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? பிடிபட்டவர்களில் ஒருவர் ஒரு முன்னாள் அமைச்சரின் மருமகன் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து, கொக்கைன் எங்கிருந்து கராடிக்கு வந்தது, யார் விற்றார்கள் என்ற சலிப்பூட்டும் கேள்விகளிலிருந்து எங்களுக்கு விடுதலை கிடைத்தது. சதியா, பொறியா, எந்தக் கட்சி, யாருக்கு யார் வேண்டாதவர் என்று மராத்தி சேனல்கள் ஒரு வாரம் பேசின. அதற்கு முந்தைய வருடம் ஃபெர்குசன் காலேஜ் ரோட்டு பார் ஒன்றின் கழிப்பறையில் பையன்கள் பொடி இழுக்கும் வீடியோ வந்தபோதும் இப்படித்தான். உடனே புல்டோசர் வந்தது. ஊர் முழுக்க அனுமதியில்லாத கூரைகளை இடித்தது. போதைக்குக் காரணம் தகரக் கூரை என்று கண்டுபிடித்த முதல் நகரம் புனேயாகத்தான் இருக்கும்.

கடைசியாக, எங்கள் அடக்கத்தைப் பற்றி. நகர் ரோட்டில் நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணியில் போய்விடக்கூடிய எரவாடாவில் முக்தாங்கண் என்று ஒரு போதை மீட்பு மையம் இருக்கிறது. எழுத்தாளர் அனில் அவசட்டும், எரவாடா மனநல ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த அவர் மனைவி அனிதா அவசட்டும் 1986 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கியது. புனேப் பையன்கள் 'கர்து' என்ற பிரவுன் சுகரில் விழுவதைப் பார்த்து அனில் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு, மராத்தியின் பெரிய நகைச்சுவை எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே, இதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று பணம் கொடுத்தார். மனநல ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஆரம்பித்தார்கள். சீருடைக் காவல் இல்லை, அடி உதை இல்லை, சங்கிலி இல்லை. குடியை விட்டவர்களே புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக இருப்பார்கள். மனைவிமாருக்கென்று தனிக் குழு வைத்திருக்கிறார்கள். அனிதா 1997-இலும் அனில் 2022-இலும் போய்விட்டார்கள், மகள் நடத்துகிறார். கராடியில் எங்களுக்கு இந்த இடத்தின்மேல் அளவுகடந்த மரியாதை. கம்பெனி சமூகப் பொறுப்பு நிதியில் கொடுக்கும்போது கைதட்டுவோம். மற்றபடி அந்தப் பக்கம் போய் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. அது குடிகாரர்களுக்கான இடம் அல்லவா?

இந்த அடக்கம் எங்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை, தேசிய குணம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குடிக்கிறவர்கள் 16 கோடி. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சைக்குப் போயிருக்கிறார். படுக்கை போட்டுப் பார்த்துக்கொண்டது 180-இல் ஒருவரை. அரசு 14446 என்று ஒரு இலவச எண் வைத்திருக்கிறது, நாங்கள் வீணடிப்பதில்லை. விட வேண்டும் என்று தோன்றினால் தானாகவே திங்கட்கிழமை விட்டுவிடுவோம். பல வருடம் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், டாக்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். புதன்கிழமைக்குள் மறுபடி ஆரம்பித்துவிடுவதால் எங்களில் பலருக்கு அந்த ஆபத்து வருவதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. எங்கள் தளத்தில் ஒரு சீனியர், பதினைந்து வருட சர்வீஸ், திருநெல்வேலிக்காரர், ஐந்து வாரம் லீவில் போனார். காரணம் 'வைரல் காய்ச்சல்' என்று எழுதியிருந்தார். ஐந்து வாரம் எந்தக் காய்ச்சல் அடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தரங்கத்தை மதிக்கும் ஆபீஸ் எங்களுடையது. திரும்பி வந்தபோது முகம் தெளிந்து, கண் வெளுத்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். கை நடுங்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வெள்ளிக்கிழமையே அவருக்காக ஒரு வரவேற்பு ஏற்பாடு செய்தோம், ஆற்றங்கரைப் பக்கம், மொட்டைமாடி, லைவ் மியூசிக். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். "அண்ணாச்சி, உங்களுக்காகத்தான இத்தன பேரு வந்திருக்கோம்" என்று கோவில்பட்டிப் பையன்தான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். முதல் கிளாஸை அவருக்கே ஊற்றினோம்.